நாற்பத்தொன்றாம் எண் பெட்டி

நாற்பத்தொன்று என்று எண் விழுந்த மனிதர் நடக்க நடக்கக் குள்ளமாகிக்கொண்டே போனார்.

தெருவுக்குள் நுழைந்தபோது நல்ல உயரம். பாதித் தெருவில் இருந்த கம்பிவலை வேலியை விலக்கிக் காலி மனைக்குள் போனபோதும் அதே உயரம். உள்ளே கொஞ்ச தூரம் நடந்ததும் ஒரு சாண் குறைந்தார். பிறகு இன்னொரு சாண். மார்பளவு, இடுப்பளவு, முழங்காலளவு என்று தேய்ந்து, தரையோடு தரையாகி, கடைசியில் இல்லாமலே போனார். மனையில் செங்கல் குவியல் மட்டும் மிஞ்சியது.

இதைத் திரையில் முன்னும் பின்னுமாக எத்தனை முறை ஓட்டியிருப்பேனோ தெரியாது. நடந்துகொண்டிருக்கும் மனிதர் எப்படிக் கரைந்துபோவார்? பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள் என்னோடு வேலை பார்க்கும் பெண். திரையில் குறைந்துகொண்டே போனது அவளுடைய அப்பா. முந்தின நாள் மதியத்திலிருந்து அவரைக் காணோம்.

எங்கள் வேலையைச் சொன்னால்தான் மீதி புரியும். ஓட்டுநர் இல்லாமல் ஓடப்போகும் சிறிய பேருந்துகளுக்குத் தெருவைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதற்காக ஒரு வேன் பழைய கடைத்தெருப் பகுதியில் காலையிலிருந்து இருட்டும்வரை சுற்றிச் சுற்றி வரும். அதன் கூரைமேல் டீ கெட்டில் அளவில் ஒரு டப்பா சுழன்றுகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை அது நாலாபக்கமும் வீசும். ஒளி எதிலாவது பட்டுத் திரும்பும். போய்வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, எவ்வளவு தூரத்தில் பட்டது என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஆனால் ஒரு சுற்றுக்கு லட்சக்கணக்கில் புள்ளி வைக்கும்.

எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால், தெருவைத் தூசியால் செய்து வைத்த மாதிரி இருக்கும். நிறம் கிடையாது. முகம் கிடையாது. சுவர் ஒரு தூசித் திரை. மரம் ஒரு தூசி மூட்டை. மனிதர் என்பது எழுந்து நிற்கும் ஒரு பிடி தூசி. மவுஸால் திருப்பினால் தெருவே திரும்பும்; மேலிருந்தும் பார்க்கலாம், பக்கவாட்டிலும் பார்க்கலாம். இது மனிதர், இது சைக்கிள், இது கம்பம் என்று ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பெட்டி போட்டுப் பெயர் ஒட்டுவது எங்கள் பிழைப்பு. மென்பொருளே முதலில் குத்துமதிப்பாகப் பெட்டி போட்டு எண் கொடுத்துவிடும். நாங்கள் ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது டப்பாவின் ஒவ்வொரு சுற்றாக, நகர்த்தி, பெட்டியைச் சரிசெய்து, அதே மனிதர் தெரு முழுக்க அதே எண்ணோடு போகிறாரா என்று பார்ப்போம்.

மற்றவர்கள் போட்ட பெட்டிகளைச் சரிபார்ப்பது என் வேலை. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்பதால் எனக்கு ரேடியோ என்று பெயர். அவளுக்குப் பெயர் பொட்டலம். புள்ளிகளைச் சுற்றி இம்மி இடைவெளி இல்லாமல் அவ்வளவு இறுக்கமாகப் பெட்டி போடுவாள். "பொட்டலம் கட்டின பெட்டியில ரேடியோவுக்கு வேலையே இல்ல" என்று எதிர்மேசைக்காரன் சொல்வான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசைமேலேயே தலை கவிழ்ப்பவன் என்பதால் அவன் தூங்குமூஞ்சி. அன்றைக்கு அவன் தூங்கவில்லை. யாரும் அவளைப் பொட்டலம் என்றும் கூப்பிடவில்லை.

அன்று காலை அவள் பையைக்கூட இறக்காமல் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், நேத்து மதியம் நம்ம வண்டி மருந்துக்கடைத் தெருவுல போச்சா?"

"தினமும் போகுதேம்மா. நீ லீவு போட்டிருக்கேன்னு சொன்னாங்க?"

"அப்பாவைக் காணோம் சார்."

நின்றபடியே சொன்னாள். அவருக்கு ஒன்றரை வருடமாக மறதி நோய், காதும் மந்தம். வாசல் கதவை யாரோ சரியாகச் சாத்தவில்லை. தெருமுனை மருந்துக்கடைக் கேமராவில் அவர் அந்தத் தெருவுக்குள் நுழைவது பதிவாகியிருக்கிறது. தெருவின் மறுமுனையில் ஜெராக்ஸ் கடைக் கேமராவில் அவர் வெளியே வரவே இல்லை. கூட்டத்தில் கேமரா தவறவிட்டிருக்கும் என்றது போலீஸ். முன்பு ஒருமுறை காணாமல் போனபோது பேருந்து நிலையத்தில்தான் கிடைத்தார். அதனால் அவளுடைய அண்ணன் ராத்திரியெல்லாம் பேருந்து நிலையத்தையே சல்லடை போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

"சர்க்கரை மாத்திரை போட்டு ஒரு நாள் ஆச்சு சார். வீட்டுல உக்காந்து அழறதுக்கு, இங்க வந்து தேடலாம்னு..."

பதிவுகளை வேலைக்குத் தவிர வேறெதற்கும் திறக்கக்கூடாது என்பது விதி. மேனேஜர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"முகமே இல்லாத படத்துல யாரோட ரகசியம் கெட்டுப்போகப் போகுது? பாருங்க. மேலிடத்துல கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

எங்கள் அதிர்ஷ்டம், அந்த நேரத்தில் தெருவில் ஒரு லாரி குறுக்கே நின்று ஃபிரிட்ஜ் இறக்கிக்கொண்டிருந்தது. வேன் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நகராமல் நின்றிருந்தது. நின்ற இடத்திலிருந்தே டப்பா சுழன்று சுழன்று அந்தத் தெருவை அள்ளியிருந்தது. ஆனால் அத்தனை தூசியில் அப்பா எது?

"எப்படிம்மா நடப்பார்?"

"ஒரு கையைத்தான் வீசுவார் சார். கண்ணாடி விழுந்துடும்னு சட்டைப் பாக்கெட்டைப் பொத்திக்கிட்டே நடப்பார். வீட்டுக்குள்ளயும் அப்படித்தான்."

ஒவ்வொரு பெட்டியாகப் பெரிதாக்கிப் பார்த்தோம். நாற்பத்தொன்றில் ஒரு கை முன்னும் பின்னும் போய்வந்தது. மறுகைப் புள்ளிகள் மார்போடு ஒட்டியே கிடந்தன. அவள் திரையைத் தொட்டாள். கண்ணாடியில் விரலின் ஈரம் பதிந்தது.

"அப்பா" என்றாள்.

அந்த மனிதர்தான் எங்கள் கண் முன்னாலேயே தேய்ந்து காணாமல் போனவர்.

எனக்குத் தெரிந்தவரை ஒரு மனிதப் பெட்டி உயரம் குறைய மூன்று காரணம்தான். உட்காரலாம், விழலாம், அல்லது எதற்காவது பின்னால் மறையலாம். தூங்குமூஞ்சி தானாகவே எழுந்து வந்தான். "நான் செஞ்சு காட்டறேன், நீங்க பாருங்க" என்று நடைபாதையின் நடுவில் நின்றான். முதலில் உட்கார்ந்தான். அவன் தலை சட்டென்று பாதி உயரத்துக்கு இறங்கி அங்கேயே நின்றது. திரையில் அப்படி இல்லை. பிறகு மெல்லச் சரிந்து தரையில் விழுந்து காட்டினான். விழுந்தவுடன் நீளமாகிவிட்டான்; பெட்டியும் அப்படித்தான் கிடைமட்டமாக நீண்டிருக்க வேண்டும். நாற்பத்தொன்று நீளவே இல்லை. கடைசியில் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றான். கீழ்ப்பாதி மறைந்தது, தலை இருந்த உயரத்திலேயே இருந்தது. செங்கல் குவியல் மறைத்திருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் நாற்பத்தொன்றின் தலையே இறங்கியிருந்தது.

வேறொரு நாளாக இருந்தால் அவன் அடித்த கூத்துக்கு அலுவலகமே சிரித்திருக்கும். அன்றைக்கு அவன் சட்டையைத் தட்டிக்கொண்டு வந்து எங்கள் பின்னால் நின்றான்.

அவளுடைய போன் அடித்தது. அண்ணன். மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க இருக்க?"

"ஆபீஸ்ல."

"ஆபீஸ்லயா? பெத்த அப்பாவைக் காணோம், நீ அங்க உக்காந்து புள்ளி எண்ணிக்கிட்டு இருக்கியா?"

"அண்ணா, நேத்துப் பதிவுல அப்பா இருக்கார். அந்தக் காலி மனைக்குள்ள போறார்."

"நேத்து சாயங்காலமே பாத்தாச்சுடி. அவர் வேலை பாத்த கடை அங்கதானே இருந்துச்சுன்னு முதல்ல அங்கதான் ஓடினேன். வேலிக்கிட்ட நின்னு தொண்டை கிழியக் கத்தினேன். வெறும் மண்ணு. ஒரு காக்கா குருவி இல்ல. பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டுல ஒரு பெரியவர் உக்காந்திருக்கார்னு சொல்றாங்க. பஸ்ல ஏறிட்டேன். இப்ப கிளம்பிடும். போயிட்டுக் கூப்பிடறேன்."

"உள்ள போய்ப் பாத்தியா?"

"பாக்க என்ன இருக்கு? கடையையே இடிச்சுத் தரைமட்டம் ஆக்கிட்டாங்க."

போன் நின்றது. அவள் அழவில்லை. முழங்கையை மேசையில் ஊன்றி மறுபடியும் திரையைப் பார்த்தாள். பக்கத்து ஊருக்குப் போய்வர அரை நாள் ஆகும். அந்தப் பெரியவர் அவள் அப்பாவாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அந்த அரை நாளும் மாத்திரை இல்லாத, தண்ணீர் இல்லாத அரை நாள். அண்ணனைத் திருப்பிக் கூப்பிட எங்களிடம் இருந்ததோ கரைந்துபோகும் ஒரு பெட்டி. அதை நம்பி யார் பேருந்தை விட்டு இறங்குவார்கள்?

"சார், மெதுவா ஓட்டுங்க. தலையை மட்டும் பாக்கலாம்."

ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். இதுவரை பெட்டியின் உயர எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவன், இப்போதுதான் உச்சந்தலைப் புள்ளிகளைப் பார்த்தேன். அவை வழுக்கிக்கொண்டு இறங்கவில்லை. கொஞ்சம் இறங்கின, நின்றன. மறுபடி கொஞ்சம் இறங்கின, நின்றன. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு.

அவள் ஆள்காட்டி விரலால் மேசையைத் தட்டினாள். டக், டக். நிறுத்தம். டக், டக். நிறுத்தம். திரையில் தலை இறங்கும் நேரமும் விரல் தட்டும் நேரமும் ஒன்றாக விழுந்தன.

"வலது காலை வெச்சு, இடது காலை அதோட சேர்த்து, மூச்சு வாங்கிட்டு அடுத்தது. முட்டிவலி சார் அவருக்கு. எங்க வீட்டு மாடிப்படியில தினமும் கேக்கற சத்தம் இது." என் பக்கம் திரும்பினாள். "அப்பா படி இறங்கறார்."

"காலி மனையில ஏது படி?" என்றான் தூங்குமூஞ்சி.

அவன் கேட்டு முடிப்பதற்குள் என் கை தரை வெட்டுப் பொத்தானுக்குப் போய்விட்டது.

அது என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். மழை பெய்து சாலையில் தண்ணீர் தேங்கினால், அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி வேலை செய்யும். லேசர் ஒளி அதில் பட்டுத் தெறித்துப் போய், எதிரே வரும் ஆள்மேல் பட்டு, வந்த வழியே திரும்பும். நடுவில் ஒளி திசை மாறியது டப்பாவுக்குத் தெரியாது. நேராகப் போய் நேராகத் திரும்பியது என்றே நினைத்து, சாலைக்கு அடியில் புள்ளி வைக்கும். அதனால் மழை நாட்களில் எங்கள் திரையில் ஊர் ஜனங்கள் எல்லாம் தரைக்குக் கீழே தலைகீழாகத் தொங்குவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்துப் பயப்படாத ஆள் கிடையாது. அந்தப் பொய்ப் புள்ளிகள் தொந்தரவு செய்யாமல் இருக்க, தரைமட்டத்துக்குக் கீழே வருவதை எல்லாம் மறைத்துவிட மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. எல்லோர் கணினியிலும் அது எப்போதும் போட்டபடியே கிடக்கும். கதவுக்குப் பின்னால் இருக்கும் ஸ்விட்ச் மாதிரி, அப்படி ஒன்று இருக்கிறது என்பதே மறந்துபோகும். தரைக்குக் கீழே தெரிவதெல்லாம் பொய் என்பது எங்கள் அலுவலகத்தில் யாரும் யோசித்துப் பார்க்காத ஒரு நம்பிக்கை.

இன்னொரு வசதியும் உண்டு. பெட்டியின் அடி தானாகவே தரையில் ஒட்டிக்கொள்ளும். மனிதர் அந்தரத்தில் மிதக்கமாட்டார் அல்லவா, அதற்காக.

பொத்தானை அணைத்தேன்.

செங்கல் குவியலுக்குப் பின்னால், தரைக்குக் கீழே, சீப்பின் பற்கள் மாதிரி வரிசையாகக் கோடுகள் தோன்றின. மேல் படிகளின் விளிம்புகள். கீழ்ப் படிகள் மண் மறைப்பில் தெரியவில்லை. அந்தப் படிகளில், தேய்ந்துபோனார் என்று நாங்கள் நினைத்த மனிதர் தலையும் தோளும் மார்புமாக இருந்தார். மார்போடு ஒட்டிய கை இன்னும் பாக்கெட்டைப் பொத்திக்கொண்டிருந்தது. தரைக்கு மேலே தெரிந்த பகுதியை மட்டும் எடுத்து, அதன் அடியைத் தரையில் ஒட்டிவைத்து, ஆள் குள்ளமாகிறார் என்று மென்பொருள் எங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அவர் குள்ளமாகவே இல்லை. இறங்கியிருக்கிறார்.

"'கீழ இருக்கேன்'னு சொல்வார்" என்றாள் அவள். "கடையில இருக்கும்போது எப்ப போன் பண்ணினாலும், 'கீழ இருக்கேம்மா, டவர் கிடைக்கல'ன்னு வெச்சிடுவார். தரைத்தளம்னு நெனச்சேன் சார். ஒரு நாள்கூட நான் உள்ள போய்ப் பாத்ததில்ல."

கடைக்கு அடியில் ஒரு நிலவறைக் கிடங்கு இருந்திருக்கிறது. அவர் அதன் பொறுப்பாளர். மேலே இருந்த கட்டிடத்தை இடித்தவர்கள் கிடங்கையும் அதன் படியையும் அப்படியே விட்டுவிட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்குச் செங்கல் குவியல்தான் தெரியும், படியின் வாய் தெரியாது. வேன் கூரைமேல் இருக்கும் டப்பா ஆள் உயரத்துக்கும் மேலே இருப்பதால், குவியலைத் தாண்டி எட்டிப் பார்த்திருக்கிறது.

அவள் போனை எடுத்தாள். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை அழைப்பு போயிற்று.

"அண்ணா, பஸ்ஸை விட்டு இறங்கு."

"என்னடி?"

"இறங்குண்ணா. கடை இருந்த மனைக்குப் போ. வேலிக்கு உள்ள போ. செங்கல் குவியலுக்குப் பின்னாடி படி இருக்கு. அப்பா கீழ இருக்கார்."

"நான் அங்க நின்னு கத்தினேனே..."

"அவருக்குக் காது கேக்காதே அண்ணா!"

அந்தப் பக்கம், "நிறுத்துங்க, நிறுத்துங்க, இறங்கணும்" என்று அவர் யாரிடமோ கத்துவது கேட்டது.

மேனேஜர் அம்மா ஆம்புலன்ஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தெரு, மனை, குவியல், படி என்று தெளிவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல இரண்டு முறை சொன்னார். நாங்கள் போனைச் சுற்றி நின்றோம். என்னிடம் அந்த நேரத்தில் விளக்கம் எதுவும் மிச்சமில்லை. ஆட்டோவின் இரைச்சல், பிறகு ஓடும் காலடி, கம்பிவலை குலுங்கும் சத்தம், மூச்சிரைப்பு.

"படி இருக்கு" என்றார் அண்ணன். பிறகு அவர் குரல் எதிரொலியோடு, விட்டு விட்டுக் கேட்டது. "அப்பா... அப்பா..."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கார். மூச்சு இருக்கு. கண்ணு முழிச்சுப் பாக்கறார்." அவர் அழுவது தெரிந்தது. "கால் வீங்கியிருக்கு. எழுந்திருக்க முடியல. பூட்டின கதவுக்கு முன்னாடி உக்காந்திருக்கார். கடையை இன்னும் ஏன் திறக்கலன்னு என்னைக் கேக்கறார்."

"தண்ணி குடு அண்ணா. கொஞ்சம் கொஞ்சமாக் குடு."

"நீ வா. உன்னைத்தான் கேக்கறார்."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவளை வாசல்வரை கொண்டுவிட்டு, வண்டி பிடித்துக்கொடுக்கத் தூங்குமூஞ்சி கூடவே ஓடினான். "பொட்டலம், செருப்பு! செருப்பு மாத்திப் போட்டிருக்க!" என்று அவன் கத்தியது படிக்கட்டிலிருந்து கேட்டது.

நான் திரைக்குத் திரும்பினேன். நாற்பத்தொன்று இன்னும் தேய்ந்தபடியேதான் இருந்தது. இப்படியே அனுப்பினால், மனிதர்கள் கரைந்து ஒன்றுமில்லாமல் போகக்கூடியவர்கள் என்று பேருந்து கற்றுக்கொள்ளும். இதுவரை அப்படி எத்தனை பேரை அனுப்பியிருக்கிறோமோ. பழைய பதிவுகளை எல்லாம் திறந்து பார்க்க வேண்டும் என்று மேனேஜர் அம்மாவிடம் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

முதலில் இதைச் சரிசெய்தேன். தரை வெட்டை அணைத்தே வைத்தேன். பெட்டியின் அடியைத் தரையிலிருந்து விடுவித்தேன். ஒவ்வொரு ஃபிரேமிலும் அவர் நின்றிருந்த படியில் அந்த அடியைக் கொண்டுபோய் வைத்தேன். தெருவில் நுழைந்ததிலிருந்து கடைசிப் புள்ளி மறையும்வரை அவருடைய உயரம் ஒன்றேதான்.